பள்ளத்தில் கொட்டிய மண்

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய முதல் நாளிலேயே குழியில் தண்ணீர் நின்றது. முழங்கால் ஆழம்கூடத் தோண்டியிருக்கவில்லை. கறுப்பு மண், வெட்டிய இடமெல்லாம் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு வந்தது. என் கணவர் சட்டியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினார். அவர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்வதற்குள் குழி மறுபடி நிறைந்தது.

மனை அளந்து கொடுத்த ஓவர்சியர் மேலே சாலையில் குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார். அதுவரை அவர் ஒரு தடவைகூட அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியதில்லை. முளைக்குச்சி அடிக்கவும் நூல் பிடிக்கவும் ஆட்களை இறக்கிவிட்டு, தான் மேலே நின்றபடி கையைக் காட்டுவார்.

"ஐயா, தண்ணி ஊறுதுங்களே!" என்று என் கணவர் கீழேயிருந்து கத்தினார்.

"ஏனுங்க, மலையில தண்ணி ஊறாத குழி எங்கீங்க இருக்குது? கல்லைப் போட்டு மிதிச்சீங்கன்னா எல்லாம் இறுகிக்கும். சும்மா பயப்படாதீங்க."

நாங்கள் பயப்படவில்லை. பயப்படுவதற்கு ஒருவருக்கு வேறு போக்கிடம் இருக்க வேண்டும். நாங்கள் இலங்கை மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். இரண்டு அரசாங்கங்கள் எங்களைப் பங்கு போட்டதில் இந்தியாவின் பங்கில் விழுந்தோம். என் கணவர், கைக்குழந்தையோடு நான், கணவரின் அண்ணன், அவர் மனைவி என்று தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் நான்கு மாதம் கிடந்து, தேயிலை வேலை தெரிந்தவர்கள் என்று எழுதிய சீட்டோடு நீலகிரிக்கு வந்து சேர்ந்தோம். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் தினக்கூலிக்குக் கொழுந்து பறித்தோம். காகிதத்தில் எங்களைத் தாயகம் திரும்பியோர் என்று எழுதினார்கள். கடைத்தெருவில் சிலோன்காரர்கள் என்றார்கள். இரண்டையும் நான் வெறுத்தேன். முதலாவதைக் கொஞ்சம் கூடுதலாக.

இரண்டாம் வருடம் வீட்டு மனை வந்தது. சாலைக்குக் கீழே, மூன்று பக்கமும் சரிவு, நடுவில் தட்டையான புல்வெளி. மலையில் தட்டையான இடம் கிடைப்பதே அபூர்வம். அது மட்டும் ஏன் இத்தனை காலம் காலியாகக் கிடக்கிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. சீட்டுக் குலுக்கியதில் மேல் வரிசையில் மூத்தவருக்கும், அதாவது கணவரின் அண்ணனுக்கும், அவருக்கு நேர் கீழே எங்களுக்கும், எங்களுக்கும் கீழே ஒரு விதவைக்கும் மனை விழுந்தது. அவள் வேறு தோட்டத்திலிருந்து வந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். எஸ்டேட்டில் எனக்குப் பக்கத்து நிரையில் கொழுந்து பறிப்பாள். கல்யாண வயதில் ஒரே மகள். அவ்வளவுதான் அவள் குடும்பம்.

கடைக்காலுக்குக் கல் போட்டுக்கொண்டிருந்த வாரம் ஒரு ஆள் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தார். மேலே உள்ள படுகர் ஊரைச் சேர்ந்தவர். அந்தப் புல்வெளியில் அவர் எருமைகள் காலங்காலமாக மேய்ந்திருக்கின்றன. மனை அளந்த அன்றிலிருந்தே அவருக்கு எங்கள்மேல் கோபம்.

"யாரக் கேட்டு இங்க கல் போடுறீங்க?" என்றார்.

"ஆபீஸுல கேளுங்க. சீட்டு இருக்கு" என்றார் என் கணவர்.

"சீட்டு! தண்ணிக்குச் சீட்டு படிக்கத் தெரியுமா? என் எருமையே இந்த நடுவுல கால் வெக்காது. ஓரமா மேஞ்சிட்டுப் போயிடும். மிருகத்துக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியல. கட்டுங்க. நல்லாக் கட்டுங்க. தண்ணி வந்து கதவத் தட்டும், அப்பத் தெரியும்."

என் ஓரகத்தி, மூத்தவரின் மனைவி, வாயாடி. ஒரு மண்கட்டியை எடுத்து எருமையின்மேல் எறிந்தாள். "எங்களச் சபிக்கவா வந்தே? ஒன் எருமைக்கு இருக்குற எடம் எங்களுக்கு இல்லையா?" என்றாள். அந்த ஆளும் ஒரு கட்டியை எடுத்தார். என் கணவர் குறுக்கே போய் நின்றதால் அது அவர் தோளில் பட்டது. நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. சண்டை போட ஒரு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷமாக இருக்கலாம். அவ்வளவு நாளும் நாங்கள் சண்டை போட வேண்டியவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த ஆள் எங்கள் நன்மைக்காகச் சொல்லவில்லை. நாங்கள் போய்த் தொலைய வேண்டும் என்றுதான் சொன்னார். ஆனால் சொன்னது உண்மை. விரோதி வாயிலிருந்து வந்ததால் அந்த உண்மையைக் காலால் மிதித்துவிட்டு நாங்கள் மேலே கல் அடுக்கினோம்.

வீடென்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கல் கடைக்கால், பச்சை மண்கல் சுவர், தகரக் கூரை. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. லயத்தில் ஒரே காம்பரா அறையில் அடைந்து கிடந்தவர்களுக்கு அது போதும். நான் தரையைச் சாணமிட்டு மெழுகி, காய்ந்ததும் அதன்மேல் குழந்தையை வெறுமனே படுக்கவைத்துப் பார்த்தேன். எங்களுடைய தரை. அந்த ஒரு நாள் சந்தோஷத்தை மறுக்க மாட்டேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெருமழை. கூரை ஒழுகவில்லை. சுவர் ஒழுகவில்லை. மழை தொடங்கிய நான்காம் நாள் காலையில் அடுப்பு மூட்டினேன். விறகு பிடித்து எரிந்துகொண்டிருக்கும்போதே அடியிலிருந்து புஸ்ஸென்று அணைந்தது. சாம்பல் குழம்பாக இருந்தது. தொட்டுப் பார்த்தால் அடுப்புக் குழியில் தண்ணீர். திரும்பிப் பார்த்தேன், மூலையில் விரித்திருந்த பாய் கறுத்திருந்தது. தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. தரை வழியாக ஏறி வந்தது. கூரை ஒழுகினால் கீழே ஒரு பாத்திரம் வைக்கலாம். தரை ஒழுகினால் எதை வைப்பது?

அந்த மழைக்காலம் முழுவதும் கட்டிலுக்குப் பதில் கல்லடுக்கிப் பலகை போட்டுத் தூங்கினோம். உப்பு, அரிசி, துணி எல்லாம் கூரைக்கம்பில் தொங்கின. குழந்தைக்கு இருமல் பிடித்தது, தை பிறக்கும்வரை விடவில்லை.

மழை விட்டதும் மூத்தவர் ஒரு காரியம் செய்தார். மேலே சாலையை அகலப்படுத்த மேட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செம்மண்ணைக் கேட்டு வாங்கி, கூடை கூடையாகச் சுமந்து வந்து தன் வீட்டைச் சுற்றிக் கொட்டினார். தரையைக் கொத்தி, மண் நிரப்பி, இரண்டு முழம் உயர்த்தினார். சுற்றிலும் கல் வைத்துக் கட்டினார். அவருக்குக் கெட்டிக்காரர் என்று பெயர். எங்கள் வீட்டுக்காரர் போய் ஒரு நாள் கூடை சுமந்து உதவிவிட்டும் வந்தார்.

அடுத்த கோடையில் ஒரு சாதாரண மழை. மூத்தவர் வீட்டு முற்றத்தில் தேங்கியிருக்க வேண்டிய தண்ணீர் அவருடைய கல்வரிசையில் முட்டித் திரும்பி, நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. நிலத்தடியில் ஊறுவது போதாதென்று இப்போது வாசல் வழியாகவும்.

நான் போய் ஓரகத்தியிடம் கேட்டேன். அவள் உயர்த்திய திட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் கீழே நின்றேன். இலங்கையில் எங்கள் இரண்டு காம்பராக்களுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் வீட்டில் புட்டு அவித்தால் என் வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டேன். அப்படி இருந்தவர்கள்.

"என்னா அக்கா, ஒங்க தண்ணியெல்லாம் எங்க வீட்டுக்குள்ள வருதே" என்றேன்.

"அதுக்கு நான் என்னா செய்ய? தண்ணிக்கு நானா வழி சொல்லிக் குடுத்தேன்?"

"கல்லு வச்சுக் கட்டுனது நீங்கதானே."

"எங்க மனை, எங்க கல்லு. ஒனக்கும் கையி இருக்கு, ஒம் புருசனுக்கும் கையி இருக்கு. மண்ணு அங்கேதான் கெடக்கு. போய் அள்ளிப் போடு."

நான் அவள் கீரையைத் தட்டிவிட்டேன். அவள் என் தலைமுடியைப் பிடித்தாள். ஆண்கள் வந்து பிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. மண்டபத்தில் என் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தபோது இரண்டு நாள் தூங்காமல் மடியில் வைத்திருந்தவள் அவள்தான். அதையெல்லாம் ஒரு மண்கரை விழுங்கிவிட்டது.

அவள் சொன்னதையே செய்தோம். எஸ்டேட்டில் லீவு சொல்லிவிட்டு மண் சுமந்தோம். மூத்தவர் இரண்டு முழம் என்றால் நாங்கள் இரண்டரை முழம். உயர்த்த வேண்டும் என்பதைவிட அவளைவிட உயர்த்த வேண்டும் என்பதுதான் என் மனதில் இருந்தது. கூடையைக் கவிழ்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு ஆனந்தமாக இருந்தது. கழுத்து வலி தெரியவில்லை.

அந்தத் தண்ணீர் அடுத்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுதினால் அது பொய்.

கீழ்வீட்டுக்காரியும், அந்த விதவை, பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் எஸ்டேட்டில், நிரையில் நிற்கும்போது, கொழுந்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"தங்கச்சி, மண்ணு கொட்டுறீங்க, கொட்டுங்க. எங்க செவுரு பக்கமா ஒரு முழம் விட்டுட்டு, தண்ணி போக ஒரு கான் வெட்டி விடுங்க. நானும் மகளும் மண்ணு சொமக்க முடியாது. அவளுக்கு நெஞ்சு சளி."

ஒரு முழம் விடுவது பெரிய காரியமில்லை. ஆனால் ஒரு முழம் விட்டால் என் சமையல்கட்டின் பின்பக்கம் குறுகும். நான் அங்கே கோழிக்கூண்டு வைக்க நினைத்திருந்தேன். ஒரு கோழிக்கூண்டு.

"தண்ணிக்கு நானா வழி சொல்லிக் குடுக்குறேன்?" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. கீழ்வீட்டுக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு நிரையில் மேலே நகர்ந்தாள். அடுத்த நாளிலிருந்து மேஸ்திரியிடம் கேட்டு வேறு நிரைக்கு மாறிக்கொண்டாள்.

அந்த ஐப்பசியில் என் தரை காய்ந்திருந்தது. நான் பெருமையாக வாசலில் நின்று பார்ப்பேன். எங்கள் கல்வரிசைக்கும் கீழ்வீட்டின் மேற்குச் சுவருக்கும் நடுவில் ஒரு குட்டை தேங்கி நின்றது. மழைத் துளி விழுந்து அதில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அவள் மகள் தினமும் ஒரு தகர டப்பாவால் மொண்டு மறுபக்கம் ஊற்றுவாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாளும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். மழைக்குச் சாக்குப் படங்கைப் போர்த்திக்கொண்டு போனோம். மதியத்துக்கு முன்பே மலைச்சரிவில் நிற்க முடியாமல் மேஸ்திரி திருப்பி அனுப்பினார். பெண்கள் வரிசையாகப் பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னால் கீழ்வீட்டுக்காரி, நாலு பேர் தள்ளி நான். ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் அவள் வீட்டு மேற்குச் சுவர் இல்லை. ஒரு வாரமாகக் குட்டையில் ஊறிய மண்கல், கரைந்து உட்கார்ந்துவிட்டது. தகரம் ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளே மகள் காய்ச்சலோடு படுத்திருந்தாள்.

தாய் ஓடினாள். நாங்கள் எல்லோரும் ஓடினோம். கையால் தோண்டினோம். சேறு என்பதால் மூச்சு முட்டிவிடுமோ என்று முகத்தைத்தான் முதலில் தேடினோம். முகம் வெளியேதான் இருந்தது. இடுப்புக்குக் கீழே சுவர். கடைக்காலிலிருந்து பெயர்ந்த ஒரு கல் தொடையின்மேல் கிடந்தது. அந்தப் பெண் கத்தவில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் கேட்டு மேலேயிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் அந்த எருமைக்காரரும் ஒருவர். கல்லைப் புரட்டியவர் அவர்தான். மகளை முதுகில் போட்டு ஒரு துப்பட்டியால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு, வழுக்கும் பாதையில் சாலைவரை ஏறினார். ஏறும் வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே போனார். "சொன்னேன்ல. சொன்னேன்ல. காதுல என்ன வெச்சிருந்தீங்க? நாசமாப் போறவங்களே, சொன்னேன்ல." ஒரு அடிக்கு ஒரு திட்டு. கொழுந்து ஏற்றும் லாரி ஒன்றை நிறுத்தி அவளைத் தாயோடு ஏற்றிவிட்டார். எனக்கு அவரிடம் நன்றி வரவில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்ததற்காக அவரை இன்னும் வெறுத்தேன்.

மறுநாள் காலை கீழ்வீட்டுக்காரி ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வந்தாள். தொடையெலும்பு முறிந்திருந்தது, மகள் பிழைத்துக்கொள்வாள் என்று யாரிடமோ சொன்னாள். பிறகு இடிந்த வீட்டுக்குள் போய் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"தள்ளு" என்றாள்.

"அக்கா..."

"அக்கான்னு கூப்புடாத. தள்ளுடி. இல்லேன்னா ஒங் கால்லயே போடுவேன்."

தள்ளினேன். அவள் என் கல்வரிசையைப் பெயர்த்தாள். நான் கழுத்து நோகச் சுமந்த மண்ணை வெட்டி வெட்டி இரண்டு பக்கமும் எறிந்தாள். என் கணவர் மண்வெட்டியைப் பிடுங்கப் போனார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். நல்ல மனதால் அல்ல. அவள் மண்வெட்டியைப் பிடித்திருந்த விதம் அப்படி. என் வீட்டுச் சுவரோரமாகக் கான் வெட்டிக்கொண்டே மேலே போய், மூத்தவரின் கரையையும் வெட்டினாள். ஓரகத்தி வாசலில் நின்று வயிற்றில் அடித்துக்கொண்டு கத்தினாள். மூத்தவர் தடியோடு வந்தார். அவள் ஒரு கணம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் தடியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மதியத்துக்குள் மூன்று மனைகளையும் கடந்து, கீழே ஓடைவரை ஒரு கான் ஓடியது. ஒரு வருடமாக நாங்கள் மேல்வீட்டார் இருவரும் கீழே கீழே தள்ளிவிட்ட தண்ணீர் அரை நாளில் வடிந்து போயிற்று. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. ஒரு முழ அகலம்.

மழை விட்டதும் ஓவர்சியர் வந்தார். வழக்கம்போல மேலே சாலையில் ஜீப்பை நிறுத்தி, அங்கிருந்தே பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். பள்ளத்துப் பெண்கள் எல்லோரும் மேலே ஏறினோம். யாரும் திட்டம் போடவில்லை. என்னோடு பேசாத ஓரகத்திதான் முதலில் அவர் கையைப் பிடித்தாள். நான் மறுகையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு கீழே இறங்கினோம். மூன்றாவது அடியில் அவர் ஷூ சேற்றில் மாட்டிக் கழன்றது.

"ஏனுங்க, விடுங்க, நானே வர்றனுங்க" என்றார். "எம் மேல கோவிச்சு என்னுங்க ஆகும்? வரைபடத்துல இது தரிசுன்னுதானுங்க போட்டிருக்குது. நீங்களும் கையெழுத்து வெச்சுத்தானுங்க வாங்கினீங்க?"

கீழ்வீட்டுக்காரி தன் வீட்டுக்குள் அவரைக் கூட்டிப்போனாள். வீடு என்று சொல்ல மூன்று சுவர்தான் நின்றது. மகள் படுத்திருந்த இடத்தைக் காட்டி, "இங்க உக்காருங்க" என்றாள்.

"ஈரமா இருக்குதுங்க."

"உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. நாங்களும் விடவில்லை. கால் சட்டை நனைய அவர் அங்கே குத்தவைத்தபடி, மேட்டில் மாற்று இடம் கேட்டு நாங்கள் சொல்லச் சொல்ல ஒரு மனு எழுதினார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அந்த மனு போய், பல மாதம் கழித்து, மாற்று இடம் ஏதும் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்குள் ஓவர்சியர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். மேடு யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று நான் பெயர் சொல்லி எழுதப்போவதில்லை. மேட்டில் நல்ல நல்ல கட்டடங்கள் வந்தன. அவற்றின் கழிவுத் தண்ணீரும் எங்கள் பள்ளத்துக்கே இறங்கியது.

கீழ்வீட்டுக்காரி அந்த வீட்டைத் திரும்பக் கட்டவில்லை. சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட் வேலை கிடைத்து, மகளோடு லயத்துக்கே போய்விட்டாள். கடல் தாண்டி வந்து, சொந்த வீடு கட்டி, மறுபடி லயம். கீழ் வரிசையில் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பெயர்ந்தார்கள். நாங்கள் இருந்தோம். அவள் வெட்டிய கானைக் கல் பாவிக் கட்டினோம். வருடா வருடம் தூர்வாருவோம், நானும் ஓரகத்தியும், ஆளுக்கொரு முனையில், பேசாமல். பிற்பாடு பேச்சு வந்தது; சாவுக்கும் கல்யாணத்துக்கும் அளவான பேச்சு. ஒரே அடுப்புக் காலம் திரும்பி வரவில்லை.

ஆறேழு வருடம் கழித்து நான் சேரம்பாடிக்குப் போனேன். பஸ் மாறி, விசாரித்து, லயத்தைக் கண்டுபிடித்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். மகள்தான் கதவைத் திறந்தாள். ஒரு கால் குட்டையாகிவிட்டிருந்தது. நடக்கும்போது தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. தாய் தேத்தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே குடித்தேன்.

"என் மேலதான் தப்பு" என்றேன்.

"தெரியும்" என்றாள். "அதச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தியா? நான் மறந்துட்டன்னு நெனச்சியா?"

கோப்பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, மதியப் பெரட்டுக்கு, வேலைக்குப் பெயர் கொடுக்க, நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். அவள் செய்தது சரி. மன்னிப்பு வாங்கிக்கொண்டு நான் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். அவள் ஏன் அதைத் தர வேண்டும்?

என் இளைய மகன் பள்ளத்து வீட்டில்தான் பிறந்தான். படித்து, சென்னையில் வேலைக்குப் போனான். சில வருடம் முன்பு வீடு வாங்கப் போவதாகச் சொல்லி என்னைக் கூட்டிப்போனான். ஊருக்குத் தெற்கே, கடலுக்கும் ஒரு கழிவெளிக்கும் நடுவில், கட்டட இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிய நிலம். கோரைப்புல் இன்னும் ஓரங்களில் எட்டிப் பார்த்தது. நான்கு மாடி. எதிரில் பழைய மீனவர் வீடுகள், புதுத் தெருவைவிடத் தாழ்வாக, வாசற்படிகள் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டு. அவற்றின் சுவர்களில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தது. நான் போய் ஒரு சுவரைத் தொட்டுப் பார்த்தேன். கை ஈரமானது. சித்திரை மாதம் அது.

விற்பவரின் ஆள் ஒருவன் கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கூடவே வந்தான். "ஒண்ணும் பயப்படாதீங்கம்மா. சுத்துப்பட்டுல இருக்கிற எல்லாத்தையும்விட ரெண்டடி ஒசத்திக் கட்டியிருக்கோம்."

"அந்த ரெண்டடித் தண்ணி எங்க போகும்?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான். மகனுக்குப் புரிந்தது, முகம் சிவந்தது.

அன்று முழுதும் எங்களுக்குள் சண்டை. கடல் வருடத்துக்கு வருடம் ஏறுகிறது என்று பேப்பரில் படிக்கவில்லையா என்றேன். படித்தேன் என்றான். பிறகெப்படி?

"அம்மா, அது மெதுவா ஏறும். பத்துப் பதினஞ்சு வருஷம் இருந்துட்டு, நல்ல வெலை வந்தா வித்துட்டு வேற எடம் போயிடுவேன். நான் என்ன முட்டாளா?"

"யாருகிட்ட விப்ப?"

"யாராவது வாங்குவாங்க."

"முட்டாளுக்கா விப்ப? இல்ல, போக்கிடம் இல்லாதவனுக்கா?"

"உனக்கு எதுக்கெடுத்தாலும் அந்தப் பள்ளந்தான்" என்று கத்தினான். "உலகத்துல எல்லாரும் மேட்டுலயே வாழ முடியுமா? எல்லாருந்தான் பள்ளத்துல கட்டுறாங்க. நான் மட்டும் கட்டக்கூடாதா?"

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. தாழ்ந்த நிலத்தில் இனி யாருமே கட்டக்கூடாது என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒருவன் தரையை உயர்த்தும்போது அடுத்தவன் தரை தாழ்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். படித்துத் தெரிந்ததல்ல. அதைச் சொன்னேன். அவன் கேட்கவில்லை, வாங்கினான். கிரகப்பிரவேசத்துக்கு நான் போகவில்லை. ஏழு மாதம் பேசவில்லை, பிறகு அளவாகப் பேசினோம்.

போன மழைக்காலத்தில், புயல் கரை கடந்த மறுநாள், அவனே போன் செய்தான். குரலில் ஒரு வெற்றி இருந்தது.

"பாத்தியாம்மா? தெருவெல்லாம் முழங்காலளவு தண்ணி. எங்க வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரல. சும்மா பயமுறுத்தினியே."

"எதிர் வீடுகள்ல?"

"எது?"

"மீன்காரங்க வீடு. உப்புச் சுவரு."

அவனுக்குப் பின்னால் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது.

"தெரியலம்மா" என்றான். "நாங்க கதவச் சாத்திட்டோம்."

"இறங்கிப் போய்ப் பார்த்துட்டு அப்புறம் பேசு" என்றேன். போனை வைத்துவிட்டேன். இதை எழுதும்வரை அவன் திரும்ப அழைக்கவில்லை. நானும் அழைக்கப்போவதில்லை.